ஆட்டிசம் போஸ்ட்டாக்: மருத்துவமனை மையமா, ஆராய்ச்சியா, தனியார் கிளினிக்கா?

அமெரிக்காவில் கிளினிக்கல் சைக்காலஜியில் பிஎச்.டி.யோ சை.டி.யோ (சிகிச்சைப் பயிற்சியை மையமாகக் கொண்ட முனைவர் பட்டம்) முடிக்கப்போகிறவர்கள், இன்டர்ன்ஷிப் பாதியைத் தாண்டும்போது கேட்கும் கேள்வி இது: "ஆட்டிசத்தில்தான் வேலை செய்யப்போகிறேன். இரண்டு மூன்று போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி) இடங்கள் கைக்கு எட்டும்போல இருக்கின்றன. எதை எடுப்பது?" ஒன்று பெரிய குழந்தைகள் மருத்துவமனை, சம்பளம் குறைவு. இன்னொன்று தனியார் கிளினிக், சம்பளம் கூடுதல், வீட்டுக்கும் பக்கம். மூன்றாவது ஆராய்ச்சி மையம், பெயர் பெரியது. மூன்று விளம்பரத்திலும் ஒரே வாசகம்: ஆட்டிசம் மதிப்பீட்டிலும் சிகிச்சையிலும் பயிற்சி. உள்ளே போய்ப் பார்த்தால் மூன்றும் வேறு வேறு வேலை.

ஆள் தேவைக்குக் குறைவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2025-ல் வெளியிட்ட கணக்குப்படி, அவர்கள் கண்காணிக்கும் பகுதிகளில் 2022-ல் 8 வயதாக இருந்த குழந்தைகளில் 31 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. அதற்கு முந்தைய கணக்கில் 36 பேரில் ஒருவர். பல மையங்களில் மதிப்பீட்டுக்குக் காத்திருக்கும் காலம் ஒரு வருடத்தைத் தாண்டுகிறது. ஆகவே உங்களை வேலைக்கு எடுத்துக்கொள்ள ஆள் உண்டு. உங்களுக்குக் கற்றுக்கொடுக்க அங்கே ஆள் உண்டா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் விதிகளும் பெரிதாகக் கைகொடுக்காது. நியூரோசைக்காலஜிக்கு 1997 ஹூஸ்டன் மாநாட்டு வழிகாட்டுதல்கள் இருக்கின்றன, இரண்டு வருடப் பயிற்சி என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அப்படி எதுவும் இல்லை. தன் திறமைக்கு உட்பட்டதை மட்டும் செய்ய வேண்டும் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை விதி 2.01 சொல்கிறது, அவ்வளவுதான். அந்தத் திறமையை எங்கே, யாரிடம் பெறுவது என்பது உங்கள் பாடு. அதனால்தான் இடத்துக்கு இடம் தரம் இவ்வளவு மாறுகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

நீங்கள் வேலை செய்வதை யார் பார்க்கிறார்கள்? என் கணக்கில் இதுதான் முதல் அளவுகோல். ஏடாஸ்-2 கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டும் பேச்சுமாக ஆட்டிசத்தின் அடையாளங்களைக் கவனித்து மதிப்பெண் போடும் முறை அது. இரண்டு நாள் வொர்க்ஷாப் போனால் அதை நடத்தும் முறை தெரிந்துவிடும். மதிப்பெண் போடுவது வேறு விஷயம். பத்தொன்பது மாதக் குழந்தை முன்னால் சோப்புக் குமிழி ஊதுகிறீர்கள். குழந்தை சிரிக்கிறது, கையை உதறுகிறது, குமிழி உடைந்த இடத்தையே பார்க்கிறது, பிறகு தலையைத் திருப்புகிறது. அம்மாவைப் பார்த்ததா, அம்மாவின் பக்கத்தில் இருந்த பையைப் பார்த்ததா? பார்த்தது அம்மாவைத்தான் என்றால், "நீயும் பார்" என்று பகிர்ந்துகொள்ளும் பார்வையா, இல்லை "இன்னும் வேண்டும்" என்று கேட்கும் பார்வையா? நீங்கள் ஒன்று போடுகிறீர்கள், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சூப்பர்வைசர் பூஜ்யம் போடுகிறார். இருவரும் வீடியோவை ஓட்டிப் பார்த்து இருபது நிமிடம் வாதாடுகிறீர்கள். அந்த இருபது நிமிடம்தான் பயிற்சி. அது நடக்காத இடத்தில் நூறு மதிப்பீடு செய்தாலும், முதல் மதிப்பீட்டில் இருந்த கண்ணோடுதான் நூறாவதையும் பார்ப்பீர்கள்.

எப்படிப்பட்டவர்கள் வருகிறார்கள்? ஏடாஸ் மதிப்பெண் மட்டும் நோயறிதல் ஆகாது. மொழித் தாமதம், ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு), கடும் பதற்றம், சிறுவயதில் பட்ட அதிர்ச்சி, அறிவுத்திறன் குறைபாடு எல்லாமே அந்த அறையில் ஆட்டிசம்போலத் தெரியக்கூடும். 2013-ல் மனநல நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5 வந்த பிறகு ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒருவருக்கே சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன, ஆகவே "இதுவா அதுவா" என்பதோடு "இரண்டுமா" என்பதும் சேர்ந்துகொண்டது. பதினெட்டு மாதக் குழந்தை, பேச்சே வராத ஏழு வயதுப் பையன், பள்ளியில் எல்லோரையும் பார்த்துப் பார்த்து நடந்துகொள்ளக் கற்றுவைத்திருக்கும் பதினைந்து வயதுப் பெண், நாற்பது வயதில் முதல்முறையாகச் சந்தேகம் வந்து கதவைத் தட்டுகிறவர் என நான்கு பேரையும் பார்த்திருக்க வேண்டும். அப்புறம், "ஆட்டிசம் இல்லை" என்று சொல்லவும் பழகியிருக்க வேண்டும். எதிர்பார்த்து வந்த குடும்பத்திடம் அதைச் சொல்வது சில சமயம் இன்னும் கடினம்.

நோயறிதலுக்குப் பிறகு நடப்பதைப் பார்க்கிறீர்களா? பலரும் விட்டுவிடும் அளவுகோல் இது. பல மதிப்பீட்டு அறிக்கைகளின் கடைசிப் பக்கம் அச்சு வார்த்ததுபோல ஒரே மாதிரி இருக்கும்: ஏபிஏ (நடத்தை சார்ந்த சிகிச்சை) இத்தனை மணி நேரம், பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, ஐஇபி (பள்ளியில் குழந்தைக்கான தனிக் கல்வித் திட்டம்) கூட்டம். அந்தப் பரிந்துரைகளை வைத்துக்கொண்டு ஒரு அம்மா செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு என்ன செய்ய முடியும் என்பது, சிகிச்சை அறையில் உட்கார்ந்து பார்த்தவருக்கே தெரியும். சாப்பாட்டு மேஜையில் குழந்தை கத்துவதை எப்படிக் கையாள்வது என்று பெற்றோருடன் ஆறு மாதம் உட்கார்ந்து வேலை செய்தவர் எழுதும் கடைசிப் பக்கம் வேறு மாதிரி இருக்கும். மதிப்பீட்டை மட்டுமே வேலையாக வைத்துக்கொள்ளப்போகிறவருக்குத்தான் சிகிச்சைப் பயிற்சி அதிகம் தேவை என்று சொல்வேன்.

லைசென்ஸ் மணிநேரம், அதாவது உளவியலாளர் லைசென்ஸ் வாங்க மேற்பார்வையில் செய்ய வேண்டிய வேலை நேரம். மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா 3,000 மணி நேரம் கேட்கிறது, அதில் குறைந்தது 1,500 பட்டத்துக்குப் பிறகு இருக்க வேண்டும். வாஷிங்டன், அரிசோனா போன்ற மாநிலங்களில் பட்டத்துக்கு முந்தைய மணிநேரங்களைக் கொண்டே லைசென்ஸ் வாங்க வழியிருக்கிறது. போகப்போகும் மாநிலத்தின் விதியை முதலில் படித்துவிடுங்கள். லைசென்ஸுக்கான ஈபிபிபி தேர்வுக்குப் படிக்க நேரம் கிடைக்குமா என்பதையும் இதோடு சேர்த்தே பாருங்கள். 225 கேள்விகள், நாலே கால் மணி நேரம். வேலைக்கு நடுவே சும்மா எழுதிவிட்டு வரும் தேர்வு இல்லை.

பணம், கடன், விசா. ஒவ்வொரு வழியிலும் இது வேறு வேறு விதமாக வந்து நிற்கும். அங்கங்கே சொல்கிறேன்.

## வழி 1: குழந்தைகள் மருத்துவமனை அல்லது பல்கலைக்கழக ஆட்டிசம் மையம்

பால்டிமோரின் கென்னடி க்ரீகர், அட்லாண்டாவின் மார்கஸ் ஆட்டிசம் சென்டர், சியாட்டில் சில்ட்ரன்ஸ், எரிக் ஷாப்ளர் 1972-ல் தொடங்கிய வட கரோலினாவின் டீச் ஆட்டிசத் திட்டம் போன்ற இடங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் அல்லது இரண்டு வருடம் இருக்கும். இங்கே ஒரே குழந்தையைப் பல கண்கள் பார்க்கின்றன. வளர்ச்சிக் குழந்தை மருத்துவர், பேச்சு மொழி நிபுணர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சில இடங்களில் மரபணு ஆலோசகர் என எல்லோரும் ஒரே மேஜையில் உட்காருவார்கள். "இது ஆட்டிசம்" என்று நீங்கள் நினைக்கும்போது, "வாயசைவுத் திட்டமிடலில் சிக்கல் இருக்கிறது, அதையும் பாருங்கள்" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் வரும். புத்தகத்தில் இது கிடைக்காது.

இந்த இடங்களில் பலவற்றோடு லெண்ட் திட்டம் இணைந்திருக்கும். வளர்ச்சிக் குறைபாடுகள் துறையில் பல்துறைத் தலைமைப் பயிற்சி தருவதற்காக மத்திய அரசின் தாய்சேய் நல அமைப்பு பணம் கொடுக்கும் திட்டம் அது. நாடு முழுக்க சுமார் 60 இடங்களில் நடக்கிறது, நீண்டகாலப் பயிற்சியாளருக்கு 300 மணி நேரத்துக்கு மேல். ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் பெற்றோரும் அங்கே பாடம் எடுக்கும் இடத்தில் இருக்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தைகளையே பார்த்துப் பழகிய ஒருவருக்கு, அந்தக் குழந்தைகள் வளர்ந்து வந்து தம் சிகிச்சையைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்கக் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை.

சிகிச்சைப் பக்கமும் இங்கே ஓரளவு ஒழுங்காக நடக்கும். சிறு குழந்தைகளின் பெற்றோருக்கான ரூபி பயிற்சி, கைக்குழந்தைப் பருவம் தாண்டியவர்களுக்கான எர்லி ஸ்டார்ட் டென்வர் மாடல், பதின்வயதினருக்கான பியர்ஸ் என்ற நட்புத் திறன் பயிற்சி, பதற்றத்துக்கான ஃபேஸிங் யுவர் ஃபியர்ஸ் ஆகியவற்றில் ஒன்றிரண்டையாவது மேற்பார்வையோடு முழுதாக நடத்திவிட்டு வரலாம். ரூபிக்குப் பின்னால் ஆறு மையங்களில் 180 குழந்தைகளை வைத்து நடந்த, 2015-ல் ஜாமா இதழில் வந்த ஆய்வு நிற்கிறது. பெற்றோருக்குத் தகவல் மட்டும் சொல்லிக்கொடுத்ததைவிட, நடத்தையைக் கையாளப் பயிற்சி கொடுத்தது கூடுதல் பலன் தந்ததை 24 வாரத்தில் அது காட்டியது. இதையெல்லாம் கையால் செய்து கற்றுக்கொண்டவருக்கு வேலைச் சந்தையில் எப்போதும் இடம் உண்டு.

மறைந்திருக்கும் செலவு என்ன? சம்பளம் குறைவு, ஊரோ பெரும்பாலும் வாடகை அதிகமான ஊர். மருத்துவமனைக்கு வருமானம் தருவது மதிப்பீடு என்பதால், "சிகிச்சைக்கு வாரம் ஒரு நாள்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, காத்திருப்புப் பட்டியல் நீளமானதும் அந்த நாளையும் மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வார்கள். இது அடிக்கடி நடக்கிறது. இன்னொன்று, இந்த மையங்கள் பெரும்பாலும் 18 அல்லது 21 வயதோடு நிறுத்திவிடும். பெரியவர்களின் ஆட்டிசத்தில் ஆர்வம் இருந்தால் இங்கே அந்தப் பயிற்சி கிடைப்பது கடினம்.

ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளோடும், மருத்துவச் சிக்கல்களும் சேர்ந்திருக்கும் குழந்தைகளோடும் வேலை செய்ய நினைப்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பிறகு தனியாகக் கிளினிக் தொடங்கும் எண்ணம் இருந்தாலும் இந்த அடித்தளம் வேண்டும்.

## வழி 2: ஆராய்ச்சி மையத்து ஃபெல்லோஷிப்

யூசி டேவிஸின் மைண்ட் இன்ஸ்டிடியூட், யேல் சைல்ட் ஸ்டடி சென்டர் போன்ற இடங்கள். மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச் கொடுக்கும் டி-32 பயிற்சி மானியத்திலோ, ஒரு பேராசிரியரின் சொந்த ஆய்வு மானியத்திலோ வேலை.

ஏடாஸை மிகத் துல்லியமாகக் கற்றுக்கொள்ளும் இடம் இதுதான். ஆய்வுகளில் மதிப்பெண் போட ஆராய்ச்சி நம்பகத்தன்மை வேண்டும். அதாவது, மதிப்பீட்டாளர்களுக்குள் 80 சதவீத ஒத்திசைவாவது வரும்வரை வீடியோவுக்கு மேல் வீடியோ பார்த்து மதிப்பெண் போட வேண்டும். ஒருமுறை எட்டினால் முடிந்தது என்றும் இல்லை, இடையிடையே சரிபார்ப்பார்கள். நான் முதல் அளவுகோலில் சொன்ன அந்த இருபது நிமிட வாதம் இங்கே வாராந்தர வழக்கம். ஏடிஐ-ஆர் என்ற 93 கேள்விகள் கொண்ட பெற்றோர் நேர்காணலையும் முழுதாக நடத்தக் கற்றுக்கொள்வீர்கள். சாதாரண கிளினிக்குகளில் அதற்கு யாருக்கும் நேரமில்லை.

குறை, அங்கே வரும் குழந்தைகள். ஆய்வுக்கு வருபவர்கள் வடிகட்டப்பட்டவர்கள். வலிப்பு இருந்தால் சேர்க்கமாட்டார்கள், வீட்டில் ஆங்கிலம் பேசாவிட்டால் சேர்க்கமாட்டார்கள் என்று ஒவ்வொரு ஆய்வுக்கும் நிபந்தனைகள் இருக்கும். நிஜக் கிளினிக்கில் உங்களைத் தடுமாறவைக்கும் குழந்தைகள் அந்த வடிகட்டியில் நின்றுவிடுகிறார்கள். ஆய்வு மதிப்பீட்டில் எல்லா இடங்களிலும் முழு அறிக்கையும் எழுத வேண்டியிருக்காது, பெற்றோரிடம் முடிவைச் சொல்லவும் வாய்ப்பு குறைவு. இந்த இரண்டும் வராதவர் கிளினிக் வேலைக்குத் தயாராகவில்லை என்றுதான் அர்த்தம்.

பண விஷயத்தில் கவனம் வேண்டும். டி-32 உதவித்தொகை முதல் நிலைக்கு 2024-ல் வருடத்துக்கு 61,008 டாலர். அது சம்பளம் அல்ல, உதவித்தொகை. வரி உண்டு, ஆனால் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளாமல் கொடுக்கலாம், அப்போது காலாண்டுக்கொருமுறை நீங்களே கட்ட வேண்டும். ஊழியருக்குத் தரும் வரிப் படிவமான டபிள்யூ-2 கிடைக்காததால் அந்த மாதங்கள் பொதுச்சேவைக் கல்விக்கடன் தள்ளுபடிக் கணக்கில் சேராமல் போகும். முதல் 12 மாத உதவிக்கு ஈடாகச் சேவை செய்யும் கடமையும் உண்டு. இரண்டாவது வருடமும் பயிற்சியில் தொடர்ந்தால் அது கழிந்துவிடும், ஒரு வருடத்தில் கிளினிக் வேலைக்குப் போனால் சிக்கல். லைசென்ஸுக்கு எத்தனை மணி நேரம் எண்ணப்படும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தரவுகளோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தை எல்லா மாநில லைசென்ஸ் போர்டுகளும் ஒரே மாதிரி ஏற்பதில்லை.

பேராசிரியர் ஆக வேண்டும், சொந்த மானியம் எழுத வேண்டும் என்பவர்களுக்கு இது சரியான இடம். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை, பெயருக்காகப் போகவே வேண்டாம்.

## வழி 3: தனியார் மதிப்பீட்டுக் கிளினிக்

இந்த வழியைப் பற்றி இரண்டு எதிரெதிர் கருத்துகள் கேள்விப்பட்டிருப்பீர்கள், இரண்டுமே உண்மை. நன்றாக நடக்கும் சிறிய கிளினிக்கில், இருபது வருட அனுபவமுள்ள ஒரே உளவியலாளர் உங்களோடு அறைக்குள் வந்து உட்கார்ந்து, உங்கள் அறிக்கையை வரி வரியாகத் திருத்தித் தருவார். எந்தப் பெரிய மருத்துவமனையிலும் அந்தக் கவனம் கிடைக்காது. மோசமான கிளினிக்கில் வாரத்துக்கு மூன்று நான்கு மதிப்பீடு, வெள்ளிக்கிழமை அரை மணி நேர ஃபோன் மேற்பார்வை, இரவில் வீட்டில் அறிக்கை. இரண்டு விளம்பரங்களும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பெரியவர்களின் ஆட்டிசத்தைக் கற்க விரும்புகிறவருக்கு இதுவே முதல் தேர்வாக இருக்கலாம். குழந்தைப் பருவத்தில் யாரும் கவனிக்காமல் விட்ட பெண்கள், பிள்ளைக்கு நோயறிதல் கிடைத்த பிறகு தன்னைப் பற்றி யோசிக்கத் தொடங்கிய அப்பாக்கள் எல்லாம் பெரும்பாலும் தனியார் கிளினிக்குகளுக்குத்தான் வருகிறார்கள். ஏடாஸில் பெரியவர்களுக்கான நான்காவது மாட்யூல் மட்டும் அவர்களுக்குப் போதாது. வருடக்கணக்காக மறைத்துப் பழகியவர் அந்த ஒரு மணி நேரத்தையும் சமாளித்துவிடுவார். வாழ்க்கை வரலாற்றைப் பொறுமையாகக் கேட்டு வாங்கும் நேர்காணல்தான் அங்கே கருவி, அதில் தேர்ந்த ஒருவரிடம் கற்பது பெரிய வாய்ப்பு.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். உங்களை 1099 ஒப்பந்தக்காரராக (ஊழியராக அல்லாமல்) எடுக்க நினைத்தால் அங்கேயே நிறுத்துங்கள். லைசென்ஸ் இல்லாதவர் ஊழியராக இருந்தால்தான் மணிநேரம் செல்லும் என்று பல மாநிலங்கள் சொல்கின்றன. காப்பீட்டு நிறுவனங்கள் சில, லைசென்ஸ் இல்லாதவர் செய்த மதிப்பீட்டுக்குப் பணம் தராது. அப்போது கையிலிருந்து கட்டக்கூடிய குடும்பங்கள் மட்டுமே உங்களிடம் வருவார்கள், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டில் இருக்கும் குழந்தை ஒன்றைக்கூடப் பார்க்காமல் பயிற்சி முடிந்துவிடும். "மதிப்பீட்டுக்கு இவ்வளவு" என்று பேசப்பட்ட சம்பளத்தில், அறிக்கை எழுதும் பத்துப் பன்னிரண்டு மணி நேரமும் அடங்கிவிடுகிறது. வருடம் முடிந்ததும் அதே ஊரில் கிளினிக் தொடங்கக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கக்கூடும். லாப நோக்குள்ள கிளினிக் என்பதால் கல்விக்கடன் தள்ளுபடிக்கு அந்த மாதங்கள் எண்ணப்படாது.

சிகிச்சை அளவுகோலில் இந்த வழி பெரும்பாலும் தோற்கிறது. குடும்பம் அறிக்கையை வாங்கிக்கொண்டு போய்விடும், பிறகு என்ன ஆனது என்று தெரியாது. இங்கே சேர்வதானால், ஆறு மாதம் கழித்துக் குடும்பத்தை மறுபடி சந்திக்கும் ஓர் அமர்வையாவது கேட்டு வாங்குங்கள்.

## வழி 4: ஏபிஏ நிறுவனம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிகிச்சையை நெருக்கமாகப் பார்க்கலாம், குழந்தையின் ஒரு வருட வளர்ச்சியைக் கண்முன்னே காணலாம். ஆனால் பல நிறுவனங்கள் உளவியலாளரை எடுப்பதே நோயறிதல் கொடுக்கத்தான். நோயறிதல் கிடைத்தால் அந்தக் குழந்தை அதே நிறுவனத்தின் வாடிக்கையாளர். "ஆட்டிசம் இல்லை" என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு அறிக்கையும் நிறுவனத்துக்கு வருமான இழப்பு. பயிற்சியில் இருக்கும் ஒருவர்மேல் அந்த அழுத்தம் விழக் கூடாது. அங்கே மூத்தவர்கள் பெரும்பாலும் பிசிபிஏ (ஏபிஏ நிபுணர்) சான்றிதழ் பெற்றவர்கள், உளவியலாளர்கள் அல்ல. அவர்களது மேற்பார்வை உங்கள் லைசென்ஸுக்கு எண்ணப்படாது. நீங்களே பிசிபிஏவும் ஆக விரும்பினால் அதற்கான பாடங்களும், பொதுவாக 2,000 மணி நேரக் களப்பயிற்சியும் தனிக்கணக்கு. ஏபிஏ பற்றி ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சொல்லும் கடுமையான விமர்சனங்களையும் படித்துவிட்டுப் போங்கள். நிறுவனத்துக்கு உள்ளே அவை காதில் விழுவது குறைவு.

## ஒரே பார்வையில்

| | மருத்துவமனை மையம் | ஆராய்ச்சி | தனியார் கிளினிக் | ஏபிஏ நிறுவனம் |
|---|---|---|---|---|
| நேரில் பார்க்கும் மேற்பார்வை | நன்று | மிக நன்று, ஏடாஸ் அளவில் | ஆளைப் பொறுத்தது | பலவீனம் |
| வருபவர்களின் வகை | குழந்தைகளில் மிக விரிவு | வடிகட்டியது | பெரியவர்கள் உண்டு, வசதியானவர்கள் அதிகம் | சிறு குழந்தைகள் |
| சிகிச்சை | உண்டு, நேரம் காக்கப்பட்டால் | ஆய்வைப் பொறுத்தது | குறைவு | அதிகம், ஒரே வகை |
| லைசென்ஸ் மணிநேரம் | பொதுவாகச் சிக்கலில்லை | எழுத்தில் கேளுங்கள் | ஒப்பந்தத்தைப் படியுங்கள் | உளவியலாளர் இருந்தால் மட்டும் |
| கல்விக்கடன் தள்ளுபடி | லாபநோக்கற்றதில் ஊழியராக இருந்தால் உண்டு | உதவித்தொகையில் இல்லை | பெரும்பாலும் இல்லை | பெரும்பாலும் இல்லை |

## விசாவில் இருப்பவர்கள் இதை முதலில் படியுங்கள்

நம்மவர்கள் பலருக்கு மேலே சொன்ன எல்லாவற்றையும் இது ஒன்றே மாற்றிவிடும். லெண்ட் உதவித்தொகையும் டி-32 மானியமும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் நேர்காணலில் வென்ற பிறகு இதைத் தெரிந்துகொள்வது கொடுமை. ஆனால் அதே மையத்தில் மருத்துவமனை நேரடியாகச் சம்பளம் தரும் இடமும் இருக்கலாம். "இந்த இடத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?" என்று விண்ணப்பிக்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

ஓபிடி, அதாவது படிப்பு முடிந்த மாணவர் விசாக்காரர் வேலை செய்யும் அனுமதி, 12 மாதம். கிளினிக்கல் சைக்காலஜிப் பட்டங்களுக்கு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான) நீட்டிப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. உங்கள் ஐ-20 மாணவர் படிவத்தில் இருக்கும் சிஐபி (படிப்பு வகை) எண்ணைப் பார்த்து உறுதி செய்யுங்கள். அப்படியானால் இரண்டு வருட ஃபெல்லோஷிப்பின் இரண்டாவது வருடத்துக்கு எச்-1பி வேலை விசா வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த லாபநோக்கற்ற மருத்துவமனைகளுக்கும் வருடாந்தர எண்ணிக்கை வரம்பு கிடையாது, எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம். தனியார் கிளினிக் என்றால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும், வேலையும் அக்டோபரில்தான் தொடங்கும். இந்த ஒரே காரணத்துக்காக வழி 3-ஐ விட்டு வழி 1-க்குப் போவது நியாயமான முடிவு.

இன்டர்ன்ஷிப் தொடங்கும் முன்பே கவனிக்க வேண்டியது இன்னொன்று: முழுநேர சிபிடியில் (படிக்கும்போதே வேலை செய்யும் அனுமதி) 12 மாதம் முடித்துவிட்டால் அதே பட்டத்துக்கு ஓபிடி கிடையாது. 364 நாளில் நிறுத்திக்கொள்ளும்படி தேதியைப் போட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சர்வதேச மாணவர் அலுவலகத்தோடு உட்கார்ந்து நாட்களை எண்ணிவிடுங்கள்.

## நேர்காணலில் கேட்க வேண்டியவை

நேர்காணலில் "மேற்பார்வை எப்படி?" என்று கேட்டால் "மிகச் சிறப்பு" என்றுதான் பதில் வரும். ஆகவே குறிப்பாகக் கேளுங்கள். போன மாதம் எத்தனை மதிப்பீடுகளில் சூப்பர்வைசர் அறைக்குள்ளோ கண்ணாடிக்குப் பின்னாலோ இருந்தார்? இப்போதிருக்கும் ஃபெல்லோ (போஸ்ட்டாக் பயிற்சியாளர்) போன வாரம் எத்தனை சிகிச்சை அமர்வு நடத்தினார்? பெற்றோரிடம் முடிவைச் சொல்லும் அமர்வை யார் நடத்துகிறார்கள்? வீட்டில் ஆங்கிலம் பேசாத குடும்பம் வந்தால் என்ன செய்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு "மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார்" என்று மட்டும் சொல்லி நிறுத்தும் இடம் அதைப் பற்றி அதிகம் யோசித்ததில்லை. அந்த மொழியில் எடுத்த மதிப்பெண்ணை எப்படி எச்சரிக்கையோடு படிக்க வேண்டும், அந்தக் குடும்பத்தில் குழந்தை பெரியவர் கண்ணை நேராகப் பார்ப்பது எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்று பேசத் தொடங்கும் இடத்தில் உங்களுக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

இப்போதிருக்கும் ஃபெல்லோவோடு சூப்பர்வைசர் இல்லாமல் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். தயங்கினால் அதுவே பதில். ஆப்பிக்கில் (உளவியல் இன்டர்ன்ஷிப், போஸ்ட்டாக் மையங்களின் சங்கம்) உறுப்பினரான இடம் என்றால் வாரம் இரண்டு மணி நேரத் தனி மேற்பார்வை குறைந்தபட்சம். உறுப்பினர் அல்லாத இடத்தில் அதே எண்ணை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தேதிகள் விஷயம். இன்டர்ன்ஷிப்புக்கு இருந்ததுபோலக் மாணவரையும் இடத்தையும் கணினி பொருத்தும் முறை இங்கே கிடையாது. பெரிய மையங்களின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடிந்துவிடும். ஆப்பிக் வழிகாட்டுதலை ஏற்ற இடங்கள் பிப்ரவரி இறுதியில் வரும் பொது நாள்வரை கொடுத்த வாய்ப்பைப் பிடித்து வைத்திருக்க விடும். தனியார் கிளினிக்குகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, நவம்பரிலேயே "வெள்ளிக்கிழமைக்குள் சொல்" என்பார்கள். அப்படி வந்தால், உங்களுக்கு முதலிடமான மையத்துக்கு அன்றே எழுதி நிலைமையைச் சொல்லுங்கள். பல மையங்கள் நேர்காணலை முன்னால் இழுத்துக்கொள்ளும். இழுக்க முடியாது என்றால், கிளினிக்கிடம் இரண்டு வார அவகாசம் கேளுங்கள். அந்த இரண்டு வாரத்தைத் தராத இடம், உங்கள் அறிக்கைகளுக்கும் அவகாசம் தராது.